விருந்தாளிகள் கிளம்பிய மதியம்

அப்பா வீட்டில் தங்கியிருந்த மாமாவின் பெட்டியை மகளே தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே வைத்தாள்.

கண் ஆபரேஷனுக்காக வந்திருக்கிறோம், இரண்டு நாளில் போய்விடுவோம் என்று ஒரே ஒரு பையோடு வந்தவர்கள். இப்போது பெட்டியும் மூட்டையுமாகப் படி நிறைந்துவிட்டது.

மாமா, இறந்துபோன அம்மாவின் சித்தப்பா மகன். கண் சரியாயிற்று. மழை வந்து போயிற்று, வெயில் வந்து போயிற்று. அவரும் மனைவியும் மட்டும் போகவில்லை.

முதலில் அப்பாவின் கட்டில் போனது. அப்பா கூடத்தில் மடக்குக் கட்டிலுக்கு வந்தார். பிறகு பென்ஷன் எடுக்கும் ஏடிஎம் கார்டு மாமாவின் சட்டைப் பைக்குப் போனது. அத்தானுக்குக் கை நடுங்குகிறது, மெஷினில் நம்பர் போட வரவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

அதன் பிறகு ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியாம், கண்டதை எடுத்துத் தின்றுவிடுவாராம். உள்ளே இருந்த ஐஸ்கிரீமை மாமாவும் மனைவியும் டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரையே ஒதுங்கச் செய்து ஓட்டியவர், தன் வீட்டில் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீருக்குச் சாவி கேட்டு நின்றார்.

ஒவ்வொன்றையும் அவர்தான் போனில் சொன்னார். குரலைத் தாழ்த்தி, வாரத்துக்கு ஒன்றாக.

அம்மா போன பிறகு வருடத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிது என்றிருந்தவள் மகள். எக்ஸ்ரே எடுக்கும் வேலை, லீவு கிடைக்காது. ஆனால் அப்பாவின் போன் வந்தால் யாரிடமாவது கெஞ்சி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். வந்து பார்த்தால் சொன்னதெல்லாம் அப்படியே இருக்கும். சண்டை போடுவாள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரம் கட்டாயம் கிளம்பிவிடுகிறோம் என்பார்.

நேற்று அப்பா சொன்னது எல்லாவற்றையும்விடப் பெரியது. திங்கட்கிழமை பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் வீட்டை எழுதி வாங்கப்போகிறார்களாம்.

அதனால் இன்று அவள் சண்டை போடவில்லை. பெட்டியைத் தூக்கினாள்.

"உப்புப் போட்டுத்தானே சாப்பிடறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மாமா அப்பாவிடம் திரும்பினார். "அத்தான், நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் மகள் ஆளை வரவழைத்து வாசல் பூட்டை மாற்றினாள். ஃப்ரிட்ஜ் பூட்டைச் சுத்தியலால் உடைத்தாள். மாமாவிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த கார்டை அப்பாவின் கையில் வைத்து மூடினாள். கட்டிலில் துவைத்த விரிப்பைப் போட்டு அவரை உட்கார வைத்தாள்.

"இனிமே நிம்மதியா இருங்கப்பா. நானும் அடிக்கடி ஓடி வரவேண்டியதில்ல."

"ஆமா," என்றார் அப்பா. "இனிமே எதுக்கு வரணும்."

அவள் ஊர் திரும்பப் பஸ் நிலையத்துக்கு வந்தபோது, எதிர்ப்புறம் நின்ற பஸ்ஸில் மாமாவும் மனைவியும் ஏறிக்கொண்டிருந்தார்கள். சாமான்களை உள்ளே ஏற்ற கண்டக்டரோடு ஒரு தகராறு. போய்த் தொலைகிறார்களா என்று உறுதி செய்துகொள்ள அவள் தூணோரம் நின்று பார்த்தாள். மாமா யாரையோ நகர்த்தி உட்கார வைத்துவிட்டு ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டார்.

போன் அடித்தது. அப்பா.

"அம்மாடி," அதே தாழ்ந்த குரல். "நீ அந்தப் பக்கம் போனதும் அவங்க திரும்பி வந்துட்டாங்க. கட்டிலை மறுபடியும் எடுத்துக்கிட்டான்."

எதிரே பஸ் பின்னால் நகர்ந்து திரும்பியது. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு மாமா தூங்க ஆரம்பித்திருந்தார்.

"இப்ப எங்கப்பா இருக்காங்க?"

"இதோ, எனக்கு எதிர்லயே உட்கார்ந்திருக்கான். அசைய மாட்டேங்கறான்."

பஸ் அவளைக் கடந்து, வாசலைக் கடந்து, சாலையில் ஏறி மறைந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளுடைய பஸ்ஸின் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்.

"சரிப்பா," என்றாள் கடைசியில். "நான் வந்து பேசிக்கறேன்."

எதிரே உட்கார்ந்திருப்பவன் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல, இன்னும் தணிந்த குரலில் அப்பா கேட்டார்.

"என்னைக்கு?"