ஸ்க்ரூ இல்லாத அலமாரி

"அம்மா, பன்னண்டடி நீளம், எட்டடி உயரம். ஒரே பீஸா செஞ்சா இந்த டிவி அலமாரி உங்க வாசலைத் தாண்டாது." நான்காவது நாளாக இதையேதான் சொன்னார் தச்சர்.

"ஹாலுக்குள்ளேயேதானே செய்யறீங்க. எதுக்குத் தாண்டணும்?" என்றாள் வீட்டம்மா.

"மூணு பாகமா செஞ்சு ஸ்க்ரூ போட்டுத் தரேன். வேணுங்கறப்ப கழட்டிக்கலாம்."

"ஸ்க்ரூவே வேண்டாம். எல்லா மூட்டுக்கும் பசை போட்டு இறுக்கிடுங்க, அண்ணே."

தச்சர் உளியைக் கீழே வைத்தார். "முப்பது வருஷமா மரத்தோட மல்லுக்கட்டறேன். மரம்கூட சொன்னா கேக்குது. நாளைக்கு ஐயா என்னைத்தான் திட்டுவார்."

"திட்டு என்னோடது. நீங்க பசையைக் கலக்குங்க."

தலையில் அடித்துக்கொண்டு கலக்கினார்.

வேலை முடிந்த அன்று மாலை, அவள் கணவர் தேக்கைத் தடவித் தடவிப் பார்த்தார். ஸ்பீக்கர்களைத் தன் கையாலேயே அடுக்கினார்.

"இருபது வருஷக் கனவுப்பா இது."

செல்போன் அடித்தது. வீட்டுத் தரகர்.

"இந்த வீட்டுக்கு நல்ல விலையா? யோசிக்காம முடிச்சிடுங்க" என்றவர், அலமாரியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். தச்சரிடம் திரும்பினார்.

"இதைக் கழட்ட முடியும்ல?"

"அறுக்கத்தான் முடியும்."

தேக்கை மறுபடி ஒருமுறை தடவினார். பிறகு, "வேண்டாங்க, வீட்டை விக்கல" என்று போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

தச்சரிடம் காபியை நீட்டினாள் அவள்.

"பன்னண்டு வருஷத்துல ஏழு வீடு வாங்கி வித்துட்டார், அண்ணே. மூட்டை கட்டியே என் கை தேஞ்சு போச்சு. வாயால எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கல. அதான் தேக்கால சொன்னேன்."