வண்டியை விட்டுட்டுப் போங்க

"நாய் வளர்க்கிறீங்களாம்மா?" என்று கேட்டார் மெக்கானிக்.

அந்தப் பழைய ஹைப்ரிட் காரின் பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பேட்டரிக்குக் காற்று கொடுக்கிற ஃபேனை அப்போதுதான் கழற்றியிருந்தார். அதன் வாய் முழுக்கப் பஞ்சும் நூலும் முடியும் திணித்துவைத்த மாதிரி அடைத்துக் கிடந்தன. நாய் ஏறி இறங்கும் வண்டிகளில்தான் இப்படி அடைத்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

நாயெல்லாம் இல்லை என்றாள் அந்தப் பெண். ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் வேலை பார்ப்பவள். கசங்காத உடை, கழுத்தில் அடையாள அட்டை. பின் சீட்டில் இருந்த அவளுடைய அப்பாவைக் கொஞ்சம் இறங்கச் சொன்னதற்கு, அவர் முன் சீட்டுக்கு மாறினாரே தவிர, கீழே கால் வைக்கவில்லை. சரியான பிடிவாதக்காரர் என்று மெக்கானிக் மனதுக்குள் முனகிக்கொண்டார்.

ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததும் அவருக்கே முகம் தொங்கிவிட்டது. காற்றில்லாமல் வெந்து, பெரிய பேட்டரியின் ஒரு பக்கத்துச் செல்கள் செத்துப்போயிருந்தன. முன்னால் இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றினால் சரியாகுமா என்று அவள் கேட்டாள். அதில் ஒரு குறையும் இல்லை, சீக்கெல்லாம் பெரியதில்தான் என்றார்.

"இனிமே இத ஓட்டாதீங்க. நடுரோட்ல நின்னுடும்."

"ஓடலைன்னா பரவாயில்லண்ணே. நிறுத்தி வச்சு ஏசி மட்டும் போட முடியுமா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஏசியே அந்தப் பேட்டரியில்தான் ஓடுகிறது என்று பொறுமையாகச் சொன்னார். இந்த வயசு வண்டிக்குப் புதுசு வருவதில்லை. எங்காவது அடிபட்ட வண்டியில் நல்லதாக ஒன்று சிக்கினால் உண்டு. சிக்காமலே போனாலும் போகலாம்.

அவள் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

கடை சாத்தும் நேரம். வண்டியை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். வேண்டாம், தள்ளித் தெரு ஓரமாக நிறுத்திக்கொள்கிறோம் என்றாள். பூட்டிய ஷெட்டை விடத் தெருவா பத்திரம் என்று சிரித்தார் அவர். அவள் சிரிக்கவில்லை. வயசானவரை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் இடிபட வேண்டுமே என்று கலங்குகிறாள் போலிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது, பாவமாகவும் இருந்தது.

"கவலப்படாதீங்கம்மா, என் வண்டியில கொண்டுபோய் விட்டுடறேன்," என்று தன் சாவியைத் தேடி எடுத்தார். "வீடு எந்தப் பக்கம்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவரை வாயே திறக்காத பெரியவர், முன் சீட்டில் உட்கார்ந்தபடியே மெல்லச் சொன்னார்:

"நாங்க வீட்லதான் இருக்கோம், தம்பி."