பாட்டிலுக்குப் பொறுப்பு அப்பா

“முட்டையை இன்னைக்கே நிறுத்திடுங்க. அலர்ஜி அளவு எக்கச்சக்கமா ஏறியிருக்கு” என்றார் டாக்டர்.

மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அப்பா நாற்காலி நுனிக்கு வந்தார். ஏழு வயது மகளுக்கு முட்டை ஆகாது. டாக்டர் சொன்னபடி ஆறு மாதமாகக் கடுகளவு, மிளகளவு என்று கொடுத்துப் பழக்கினார்கள். இங்கே புது முறை; ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை கிடையாது. வாராவாரம் காலைச் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் போதும். இந்த வாரமும் தேறிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை தோழியின் பிறந்தநாளில் அவள் முதன்முறையாகக் கேக் சாப்பிடலாம்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அதற்கு மேல் அப்பாவால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“டாக்டர்... அது பாப்பாவோடது இல்ல. என்னோடது.”

“என்னது?”

“காலையில மூடி போடும்போது கைதவறிக் கவுத்துட்டேன். அவ ஸ்கூலுக்குப் போயிட்டா. பாட்டிலை எப்படிப் பிடிக்கணும், எப்படி வைக்கணும்னு வீட்ல வாராவாரம் லெக்சர் அடிக்கிறவனே நான்தான். பாப்பா அம்மாகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது? நானே ரொப்பி, பாத்ரூம் அலமாரியில வெச்சுட்டேன்.”

நர்ஸ் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

மகளிடம் புதிதாகப் பிடித்து வரச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. ஒரு வம்பும் இல்லை.

“தாராளமா கேக் சாப்பிடலாம்டா கண்ணு!”

அவள் பாய்ந்து வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மானம் போனால் போகட்டும் என்றிருந்தது அவருக்கு.

“ஆனா சார், உங்களுக்குத்தான் ஏதோ ஒத்துக்கல” என்று டாக்டர் மருந்துச் சீட்டு எழுதினார். “ஒரு மாசம் முட்டையை விட்டுப் பாருங்க. அரிப்பு உண்டா?”

கேட்டதுதான் தாமதம், முழங்கை அரித்தது. பிறகு கழுத்து. பிறகு, நாலு பேர் முன்னால் சொறிய முடியாத இடங்களெல்லாம்.

“ரொம்ப வருஷமாவே இருக்கு டாக்டர்! சொன்னா, சோப்பை மாத்துங்கன்னு இவ அலட்சியமா விட்டுட்டா. நானும் உடம்பைப் பார்க்காம இந்தக் குடும்பத்துக்காகவே ஓடிட்டேன்.” தினமும் இரண்டு ஆம்லெட் வெளுத்துக்கட்டுவதை மறந்து, தியாகி மாதிரி பெருமூச்சு விட்டார்.

மனைவி மெல்லக் கையை நீட்டி, சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பேரை மட்டும் மாத்தி எழுதிடுங்க டாக்டர். இவர் வெச்சுட்டுப் போன பாட்டிலை, அலமாரி துடைக்கும்போது நான் கவுத்துட்டேன். இவரோட லெக்சருக்குப் பயந்து, நானே ரொப்பி வெச்சுட்டேன்.”