நொண்டி ஆடும் ராக்காயியும்

மனம் நொந்தவர்களையும் அடிபட்ட ஆடுமாடுகளையும் ஒன்றாக வைத்துத் தேற்றும் பண்ணை அது, சித்தியவான் ஊருக்கு வெளியே. புருஷன் செத்ததிலிருந்து பேச்சே நின்றுபோன அக்கா ராக்காயியை அழைத்துப் போக மாயாண்டி வந்திருந்தான்.

"அக்கா பேசுதா மிஸ்ஸி?"

"ஒரு வார்த்தையும் இல்லை தம்பி," என்றார் தாதி ஞானம்மா. "லாரியில அடிபட்ட ஆட்டோடயே திரியிறா. அதுவும் இன்னும் நொண்டுது."

மாயாண்டி கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். கத்தரிப் பாத்தியில் ஆடு துள்ளிக்கொண்டிருந்தது. அக்கா அதன் காதைப் பிடித்தாள்.

"குதிக்காதலா! என் தம்பி வந்திருக்கான். நொண்டு! நல்லாயிட்டோம்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

மாயாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பினான்.

"மிஸ்ஸி, ரெண்டு பேருக்கும் இன்னும் சரியாகல. இங்கேயே இருக்கட்டும்லா."

ஞானம்மா சிரித்தார். "நாங்களும் அப்படித்தான் தம்பி சொல்லிக்கிட்டிருக்கோம்."