அக்கரையில் ஒரு நாள் கூடுதல்

காஞ்சனா லோரிக்கும் காருக்கும் நடுவே மோட்டார் சைக்கிளை நுழைத்தாள். பின்னால் ஹார்ன் அலறியது. திரும்பிப் பார்க்க நேரமில்லை.

முடா ஆற்றுப் பாலம் இன்னும் வரவில்லை.

தப்பு அவளுடையதுதான். சுங்கைப் பட்டாணியில் அவள் வேலை செய்யும் பள்ளிக் கேண்டீன் நேற்றே மூடியாயிற்று. கெடா மாநிலத்துக்கு வெள்ளியும் சனியும்தான் ஓய்வு நாள். வியாழனோடு பள்ளிக்கூடம் முடிந்து ஆண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. எல்லா ஊருக்கும் அப்படித்தான் என்ற நினைப்பில், காலையில் நிதானமாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுக் குணவதிதான் போகிற போக்கில் சொன்னாள். "பினாங்குப் பக்கம் இன்னிக்கும் ஸ்கூல் இருக்குலா. அவங்களுக்கு நாளைக்குத்தான் லீவு."

பாலத்தைத் தாண்டினால் பினாங்கு. சாந்தினி அங்கேதான் ஒன்றாம் வகுப்பு.

இன்றைக்கு விட்டால் இனி ஜனவரிதான்.

வெள்ளிக்கிழமை வேறு. சீக்கிரமே மணி அடித்துவிடுவார்கள். முழங்கையில் காய்ந்த சோப்பு நுரை இழுக்க, காஞ்சனா ஆக்சிலேட்டரை முறுக்கினாள்.

பள்ளி வாசலில் கார்கள் கலைந்துகொண்டிருந்தன. கேட்டைச் சாத்தப் போன காவலாளி பிச்சை சிரித்தார். "என்னா தங்கச்சி, ஒனக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?"

மரத்தடியில் ஒரே ஒரு பிள்ளை. நீலக் கவுன். முன்பல் விழுந்திருந்தது. போன வெள்ளிக்கிழமை ஆடிக்கொண்டிருந்த பல்.

சாந்தினி.

காஞ்சனா மூச்சை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் போய் நின்றாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கும் ஒங்க பிள்ள வரலையா?"

"வரும்மா. அது எப்பவுமே லேட்டு."

"எங்கம்மாவும்தான்" என்றாள் சாந்தினி, பெரிய மனுஷி மாதிரி.

வெள்ளைக் கார் வந்து நின்றது. "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

ஓட்டி வந்த பிரேமாவதி, மரத்தடியில் நின்றவளை ஒரு கணம் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றினாள்.

அவளால் விரட்ட முடியாது.

ஏழு வருஷத்துக்கு முன், ஆஸ்பத்திரியில் காஞ்சனாவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டபோது, "பெத்த பாசம்னு எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாது" என்றுதான் பிரேமாவதி சத்தியம் வாங்கியிருந்தாள்.

பள்ளிக்கூட வாசலைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.