சலவை நோட்டு

“இன்னிக்கும் ஒரு ஆழாக்குதானா சார்?” என்று கேட்டார் பால்காரர் கிருஷ்ணப்பன்.

“அவ்வளவுதான்.”

மாதேஸ்வரன் பாலைக் காய்ச்சினான். காபி போட்டுக் குடித்தான். நேற்று உடுத்திய சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்டான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வருமான வரி ஆபீசில் தன் நாற்காலிக்கு வந்துவிட்டான். எட்டு மாதமாக இதில் ஒன்றும் மாறவில்லை.

ஹெட் கிளார்க் சென்றாயன் ஒரு பைலைக் கொண்டுவந்து அவன் மேஜையில் போட்டார்.

“இந்தக் கூத்தைப் பாருப்பா. ஆஸ்பத்திரி ஹெட் நர்சு. சீலை வெளுத்த செலவுக்கு வரியில தள்ளுபடி கேக்குது. அடுத்த வருசம் நான் சவரம் பண்ணிக்கிற காசுக்குக் கேக்கப்போறேன்.”

“யூனிபாரம் வேலைக்கு வேணுமே சார். சட்டத்துல இடம் இருக்கு.”

“இடம் இருக்கு. ரசீது எங்க? ஒண்ணுகூட இல்ல. பொய்க் கணக்குன்னா அப்படியே எழுது, ஆஸ்பத்திரிக்கு லெட்டர் போயிடும். வர்ற மார்ச்சுல ரிட்டயர்டாம். பென்சன் நின்னா அப்பத் தெரியும்.”

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு இது காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனாலும் நிதானமாக எழுந்து வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சீலை. மடிப்புக் கலையவில்லை.

“மதலேனம்மாள்ங்க. பிரசவ வார்டு.”

மாதேஸ்வரன் பைலில் ‘பிரசவ வார்டு’ என்றிருந்த இடத்தில் விரலை வைத்தான். “உக்காருங்க சிஸ்டர்” என்றான் பிறகு. “ரசீது ஏன் இல்ல?”

“லாண்டரிக்காரர் சீலை மூலையில குறி போடுவாருங்க. ரசீதெல்லாம் அவருக்குத் தெரியாது. அதான் இதை எடுத்தாந்தேன்.”

நாற்பது பக்க நோட்டு. தேதி, எத்தனை சீலை, கூலி என்று கோடு போட்டு எழுதியிருந்தது.

“மாசம் எத்தனை சீலை அழுக்காகும்?”

“இருபதுக்குக் கொறையாதுங்க.”

“இதுல நாலு, அஞ்சுதான் இருக்கு.”

“சும்மா அழுக்குன்னா வூட்லயே தோய்ச்சிக்குவேன். என் துணிய நான் தோய்க்கிறதுக்கு சர்க்கார் எதுக்குங்க குடுக்கணும்? ரத்தம் பட்டது மட்டும் லாண்டரிக்குப் போகும். அதைத் தனியா வெள்ளாவி வெக்கணும், தனிக் கூலி. அதைத்தான் கேட்டிருக்கேன்.”

மாதேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். கேட்கலாம் என்றிருப்பதில் கால்வாசியை மட்டும் கேட்டு வருகிறவர்கள் அந்த ஆபீசுக்கு அடிக்கடி வருவதில்லை.

“ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்துல ஏதோ எழுதியிருக்கே?”

“அது அடையாளத்துக்குங்க. நோயாளி பேரை வெளிய கொண்டாரக் கூடாது. பேரில்லாம எந்த நாளுன்னு எப்படி நெனப்பு வெக்கிறது? அதனால அவங்க சொன்ன வார்த்தை ஒண்ண எழுதி வெப்பேன். கடைசியா எது சொன்னாங்களோ அது.”

அவன் படித்தான்.

மே 4. ‘இதுவும் பொண்ணுன்னா வூட்டுக்குச் சொல்லிவுடாதீங்க.’ ஒரு சீலை.

ஜூலை 22. ‘மாட்டுக்குத் தண்ணி காட்டாம வந்துட்டேன்.’ ஒரு சீலை.

ஆகஸ்டு 9. ‘நான் கத்துனத எங்க அத்தைகிட்ட சொல்லிடாதீங்க.’ ஒரு சீலை.

“கொஞ்சம் அழகா மாத்தி எழுதறதுண்டா?”

“அதெதுக்குங்க? சொன்னதைச் சொன்னபடிதான். மாத்திட்டா அது அவங்க வார்த்தை இல்லையே.”

உட்கார்ந்து யோசித்துப் பொய் எழுதினால் மாட்டுக்குத் தண்ணி காட்டுவது வராது. மாதேஸ்வரன் பேனாவைத் திறந்தான். ‘செலவு உண்மை. முழுவதும் ஏற்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எழுதியதை அந்த அம்மாள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

“ரொம்ப நன்றிங்க தம்பி” என்று மதலேனம்மாள் நோட்டுக்குக் கையை நீட்டினார்.

அவன் கொடுக்கவில்லை.

“ஒரு தேதி மட்டும் பாக்கணும் சிஸ்டர்.”

“அதான் சரின்னு எழுதிட்டீங்களே.”

“அக்டோபர் பத்தொன்பது.”

அவர் நோட்டைப் பார்க்காமலே சொன்னார். “அன்னிக்கு ரெண்டு சீலை. ஒண்ணு முழுக்க நனைஞ்சுபோச்சு. மாத்திக் கட்டிக்கிட்டு மறுபடி உள்ள போனேன். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வுடலை நாங்க. கொழந்தையத்தான் காப்பாத்த முடிஞ்சது. முதல் சீலைக்கு மூணு வெளுப்புங்க, கறை போகல. இன்னும் அதைத்தான் கட்டறேன், கொசுவத்துல மறைஞ்சிக்கும்.”

“என்னப்பா, மாட்டிக்கிச்சா?” என்று தன் இடத்திலிருந்து கேட்டார் சென்றாயன்.

மாதேஸ்வரன் நோட்டில் அக்டோபரைத் தேடினான். தன் மனைவி காவேரி கடைசியாக என்ன சொன்னாள் என்று அவன் கேட்காத ஆள் இல்லை. அவன் பேரைச் சொன்னதாக அம்மா சொன்னாள். குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னதாக, இப்போது அதை வளர்க்கும் மாமியார் சொன்னார். இரண்டு பேரும் அன்று முழுக்கப் பிரசவ வார்டுக்கு வெளியே அவனோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் பக்கத்தைத் திருப்பினான்.

அக்டோபர் 19. இரண்டு சீலை. ‘உங்க வெள்ளைச் சீலைய இப்படிப் பண்ணிட்டேனே சிஸ்டர். எங்க வூட்டுக்காரரு வெளியதான் உக்காந்திருப்பாரு, ஒரு சோப்பு வாங்கியாரச் சொல்லுங்க.’