கோர்க் நகரத்து உறுப்பினர்

கனடாவின் ஸ்காபரோ பிளாசாவில், படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்குள் மாலை வெயில் சரிந்து கிடக்கிறது. ஐரிஷ் கிழவர் தந்த முன்னோரின் படத்தில், செத்தவர்தானே என்று, யோகராணி வழக்கம்போலச் சிவப்புப் பல்பும் பூட்டியிருக்கிறாள். பொய்முடி வைத்த முகம் சிவந்து தெரிகிறது. கிழவர் தலையாட்டி மறுக்கிறார். பழைய அயர்லாந்துப் பாராளுமன்றத்துக்குக் கோர்க் நகரம் அனுப்பிய இருவரில் படத்தில் இருப்பவர் ஒருவராம். அந்தப் பாராளுமன்றத்தையே இழுத்து மூடி, நாட்டை இங்கிலாந்தோடு சேர்ப்பதற்கு வாக்களித்தவராம். இவருக்கு விளக்கு வேண்டாமாம். "பிறகேன் உவற்றை படத்துக்குச் சட்டம்?" என்று யோகராணி கணவனிடம் கேட்கிறாள். தவநேசன் அதை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் திரும்புகிறான். "எங்கட ஆள்தானே, என்ன செய்யிறது எண்டுறார்." யோகராணி திருப்புளியைக் கையில் எடுக்கிறாள், திரும்ப வைக்கிறாள். பல்பைக் கழற்றவில்லை. சுவிட்சை மட்டும் அணைக்கிறாள்.